வீட்டோடும் வெளியுலகத்தோடும் பள்ளியைச் சேர்ப்பது எப்படி? தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில் ஒன்பது வருடம், அப்புறம் சேலம் டவுனில் தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் பதினொரு வருடம் என்று வேலை பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பள்ளிகள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் டீ குடிக்கும் நேரத்தில் புதிதாக வந்தவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். மலைக்குச் சரியாக வருவது டவுனுக்கு வராது என்றால் அதையும் சொல்லியிருக்கிறேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு நாற்பது பேரைக் கூப்பிட்டால் எட்டுப் பேர் வருகிறார்கள். அக்கறையே இல்லையா?

அக்கறையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நேரத்தைப் பாருங்கள். மலையில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிப்பு. அது முடிவதற்குள் மிளகு வந்துவிடும். அந்த மாதங்களில் காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தால், வருகிற அம்மாவுக்கு அன்றைய கூலி போய்விடும். டவுனில் விசைத்தறி ஷிப்டு மாறுகிற நேரம் தெருவுக்குத் தெரு வேறு. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைக்காரர்களைத் தீபாவளிக்கு முந்தைய மாதம் பிடிக்கவே முடியாது. ராத்திரியும் வேலை நடக்கும்.

மலையில் நான் ஒரு வருடம் கூட்டத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டேன். சாயங்காலம் பறித்த பழத்தை எடை போடும் இடத்தில் போய் நின்றுகொண்டேன். மூட்டை தன் முறைக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். பள்ளிக்கு ஒருநாளும் வராத பதினோரு அம்மாக்களோடு அன்று பேசினேன். இதற்கு எஸ்டேட் மேஸ்திரியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் முகம் சுளிப்பார், அது அந்த அம்மாக்கள் மேல்தான் விடியும்.

இன்னொன்று. போன கூட்டத்தில் என்ன பேசினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். முப்பது பேர் முன்னால் "உங்க பையன் எழுதவே மாட்டேங்கிறான்" என்று சொல்லியிருந்தால், அந்த அம்மா இனி வரமாட்டார். நானாக இருந்தாலும் வரமாட்டேன். ஒரு பிள்ளையின் குறையைப் பொதுவில் பேசக்கூடாது. பொதுக் கூட்டத்தில் பொது விஷயம் மட்டும், பிள்ளையின் விஷயம் தனியாக, தலைமையாசிரியர் அறைக்குள்ளேயே.

இதெல்லாம் கட்டாயமா, விருப்பமா?

கட்டாயம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது அதில் ஒன்று. மற்றபடி சட்டத்துக்காகச் செய்கிற கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: கையெழுத்து, போட்டோ, பிஸ்கட்.

வீட்டுக்கே போக வேண்டுமா? போனால் என்ன பேசுவது?

போக வேண்டும். எப்படிப் போகிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் வருடம் நான் அதில்தான் கோட்டை விட்டேன். மூன்று நாளாக வராத ஒரு பிள்ளையின் வீட்டுக்கு நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு வந்தார். கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்! அன்றிலிருந்து கையில் எதுவும் எடுத்துப்போவதில்லை. எழுத வேண்டியதை வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து எழுதிக்கொள்வேன்.

பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காக வருகிற காலத்திலேயே ஒருமுறை போய்விடுங்கள். "டீச்சர் வர்றாங்க" என்றாலே பையன் என்னவோ செய்துவிட்டான் என்கிற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அந்த முதல் தடவை புகார் எதுவும் கிடையாது. கேட்பதற்கு மூன்று கேள்விகளை வைத்திருக்கிறேன். வீட்டில் இது எதை ஆசையாகச் செய்யும்? எதற்குப் பயப்படும்? யாரிடம் அதிகம் பேசும்? இவ்வளவுதான். மீதியை அவர்களே சொல்வார்கள்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண், பள்ளியில் ஐந்து மாதம் வாயே திறக்கவில்லை. காதில் குறையோ என்றுகூட நினைத்தேன். மலைச்சரிவில் இருந்த வீட்டுக்குப் போனேன். பாட்டி சிரித்துவிட்டார். "இதுங்களா டீச்சர் பேசாது? நாள் பூரா ஆட்டோட பேச்சுங்க." வெள்ளச்சி, கொம்பன், சுழியன், கருப்பாயி என்று ஒவ்வொரு ஆட்டுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். அடுத்த வாரம் அந்தப் பெயர்களை அட்டையில் எழுதிக்கொண்டுபோய் அவள் முன்னால் பரப்பினேன். எது யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். 'கொம்பன்' என்பதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைச் சுட்டிக்காட்டியதுதான் வகுப்பில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

சமவெளிக் கிராமங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை எந்தப் பயிற்சியிலும் நான் கேட்டதில்லை. யார் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறீர்கள், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறீர்கள் என்று ஊரே பார்க்கும். பெரிய வீட்டில் காப்பி குடித்துவிட்டு, காலனி வீட்டில் "இப்பத்தான் குடிச்சேன்" என்றால், நீங்கள் யார் என்று அந்தத் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். குடித்தால் எல்லா வீட்டிலும் குடியுங்கள். முடியாதென்றால் எங்கேயும் வேண்டாம். நான் வீடு வீடாகப் போவதைக் காலனியிலிருந்துதான் தொடங்குவேன்.

தனியாகப் போக வேண்டாம். சத்துணவு அக்காவைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஊரில் யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் துக்கம் என்று அவருக்குத்தான் தெரியும்.

நாங்கள் இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்பு. எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம் வேறு. இதற்கெல்லாம் நேரம் எங்கே?

எல்லா வீட்டுக்கும் ஒரே மாதத்தில் போக முடியாது. வாரத்துக்கு இரண்டு வீடு போங்கள், பள்ளி விட்டுத் திரும்பும் வழியில் இருப்பதாகப் பார்த்து. அரையாண்டுக்குள் நாற்பது பிள்ளைகள் முடிந்துவிடும். வாரம் ஒரு போன், அதுவும் நல்ல செய்திக்கு மட்டும். "இன்னிக்கு உங்க பொண்ணு அவளாவே ஒரு கதை சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். முதல் தடவை எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே வராது. வேறு என்னவோ சொல்லப்போகிறோம் என்று காத்திருப்பார்கள்.

காலை உணவு நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்த திட்டம் அது. கிராமங்களில் சமைக்க வருகிறவர்கள் மகளிர் சுய உதவிக் குழு அம்மாக்கள். பிள்ளைகளை விட சீக்கிரம் பள்ளிக்கு வருகிறவர்கள் அவர்கள்தான். உப்புமா கிளறும் இடத்தில் பத்து நிமிடம் நின்றால் பெற்றோர் கூட்டத்தில் கிடைக்காத சேதியெல்லாம் கிடைக்கும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரிடம் "வீட்டில் சொல்லிக்கொடுங்கள்" என்று எப்படிச் சொல்வது?

சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியமே அவர்களைக் கூனிக்குறுக வைத்துவிடும். பிள்ளை சத்தமாகப் படிக்கட்டும், நீங்கள் அடுப்படியிலிருந்தே கேளுங்கள் என்று சொல்லுங்கள். புரிகிற மாதிரி படிக்கிறதா, தடுக்கித் தடுக்கிப் படிக்கிறதா என்று கண்டுபிடிக்க எழுத்து தெரிய வேண்டியதில்லை. அப்புறம் விடுகதை. மலை வீடுகளில் பாட்டிகளிடம் கொட்டிக்கிடக்கிறது. வெள்ளிக்கிழமை "வீட்டிலிருந்து ஒரு விடுகதை கொண்டுவா" என்பதுதான் என் வகுப்புக்கு வீட்டுப்பாடம். திங்கட்கிழமை அவை கரும்பலகையில் ஏறும், யார் வீட்டிலிருந்து வந்தது என்ற பெயரோடு.

டவுனில் பெற்றோரையே வகுப்புக்குக் கூப்பிட்டேன். கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிற ஒரு அப்பா சின்னத் தராசும் முடியாத ஒரு ஜோடிக் கொலுசும் கொண்டுவந்தார். கிராம், மில்லிகிராம், சேதாரம் என்று அவர் பேசப் பேச நான்காம் வகுப்புத் தசம எண் பாடம் தானாக நடந்தது. இன்னொரு அம்மா தறிக்கு நூல் சுற்றும் தார்க் குச்சியும் நூலும் கொண்டுவந்து, பாவு என்றால் நெட்டு நூல், ஊடை என்றால் குறுக்கு நூல் என்று காட்டினார். அடுத்த நாள் பிள்ளைகள் வண்ணத் தாளை வெட்டி, கோத்து, ஆளுக்கொரு பாய் முடைந்துவிட்டார்கள். ஆத்தூர்ப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, இருக்கிறது. கிழங்கு ஜவ்வரிசியாவது வரை தெரிந்த பெற்றோர் ஒருவராவது உங்கள் பள்ளியில் இருப்பார்.

ஒரு எச்சரிக்கை. தொழிலை மதிப்பது வேறு, பிள்ளை ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தார் சுற்றுவது வேறு. இரண்டாவது நடந்தால் அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த வீட்டில் ஒருமுறையாவது டீ குடித்த பிறகு பேசுங்கள்.

வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. முதல் வாரம் வீட்டுப்பாடம், இரண்டாம் வாரம் குட் மார்னிங் ரோஜாப்பூ, மூன்றாம் வாரம் கட்சிச் செய்தி, நான்காம் வாரம் இரண்டு அப்பாக்களுக்குள் சண்டை. நான் கண்ட எல்லாக் குழுவும் இந்த வரிசையில்தான் போனது. அதை விட, அம்மாக்களின் எண்கள் அறிமுகமில்லாத ஆட்களிடம் போய்விடுகின்றன. என் வகுப்பில் ஓர் அம்மாவுக்கு அதனால் தொந்தரவு வந்தது. அன்றே குழுவைக் கலைத்தேன்.

இப்போது பிராட்காஸ்ட் பட்டியல் வைத்திருக்கிறேன். நான் ஒருமுறை அனுப்பினால் எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது, பதிலும் எனக்கு மட்டுமே வரும். ஒரே நிபந்தனை, அவர்கள் போனில் உங்கள் எண் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் செய்தி போய்ச் சேராது. வீட்டுக்குப் போகும்போதே "டீச்சர்" என்று சேமித்துக் கொடுத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது. நீளமாகத் தட்டச்சு செய்யாமல் குரல்பதிவாக அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவர்களும் கேட்பார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், என் சொந்த அண்ணனே அதற்கு மேல் கேட்பதில்லை.

மலையில் பாதி வீடுகளில் பட்டன் போன்தான், அதற்கும் சிக்னல் வேண்டுமென்றால் மேட்டுக்கு ஏற வேண்டும். அங்கே பெட்டிக்கடைப் பலகைதான் என் வாட்ஸ்அப்.

எமிஸ் பதிவுக்கு ஓடிபி கேட்டால் பெற்றோர் தர மறுக்கிறார்கள். திட்டவும் செய்கிறார்கள்.

பாராட்டுங்கள். வங்கியும் போலீசும் "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று வருடக்கணக்காகச் சொன்னதை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். போனில் கேட்காமல் நேரில் உட்கார்ந்து, எதற்காக என்று காட்டி, அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும்தான்.

அம்மா, அப்பா இருவரும் ஊரில் இல்லை. பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. யாரிடம் பேசுவது?

பாட்டியிடம்தான். பாட்டியை "கார்டியன்" என்று பதிவேட்டில் எழுதிவிட்டுக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்காரவைக்கிறோம். அது சரியில்லை. ஏற்காட்டு மலைக் குடும்பங்கள் பலவும் கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் மிளகு, காப்பித் தோட்ட வேலைக்குப் போகின்றன. டவுனிலிருந்து திருப்பூருக்குப் போகிறவர்கள் வேறு. கிளம்பும் முன் அவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்வேன்: எப்போது திரும்புவீர்கள், அங்கே எந்த எண்ணில், எத்தனை மணிக்குப் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்பார்கள் பெரும்பாலும். பிள்ளையின் குரலிலேயே ஒரு பாட்டைப் பதிந்து அன்று அனுப்பிவிடுவேன்.

பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்றால், கல்வி உரிமைச் சட்டப்படி வேறு அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறிக்கொள்ளும் உரிமை பிள்ளைக்கு உண்டு. மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதைக் காரணமாகச் சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது. இதைப் பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள். ஒரு தாளில் பிள்ளை எதுவரை படித்திருக்கிறது, எது பிடிக்கும் என்று நாலு வரி எழுதிப் பையில் வைத்துவிடுங்கள். அங்குள்ள ஆசிரியருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், யாராவது படித்துச் சொல்வார்கள்.

வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள்?

சேலத்தில் இது புதிதில்லை. தறிக்காரத் தெருக்களில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் எல்லாம் தலைமுறைகளாக இருக்கின்றன. இப்போது இந்தியும் சேர்ந்திருக்கிறது. வகுப்பில் "தண்ணீர்" என்பதை எத்தனை மொழியில் சொல்ல முடியும் என்று ஒருநாள் கேட்டேன், ஐந்து வந்தது. சுவரில் எழுதிவைத்தோம். அதுவரை பேசக் கூச்சப்பட்ட பையன் தன் சொல்லைத் தினமும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

மலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஓர் இடைச்செருகல்: ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களை மலையாளிகள் என்பார்கள். மலையை ஆள்பவர்கள், மலைக்காரர்கள் என்கிற பொருளில் வந்த பெயர். கேரளத்து மலையாளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர்கள் பேசுவது தமிழ். என்னோடு சேர்ந்த ஒருவர் முதல் நாள் "நீங்க கேரளாவில எங்க?" என்று கேட்டு, ரொம்ப நாள் கிண்டலுக்கு ஆளானார்.

பள்ளி மேலாண்மைக் குழு பெயருக்குத்தான் இருக்கிறது. கையெழுத்து போட்டுவிட்டுப் போகிறார்கள்.

பேச ஒன்றும் இல்லாவிட்டால் கையெழுத்துதான் போடுவார்கள். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கவனிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. நாம் முடிவெடுத்துவிட்டுத் தீர்மானப் புத்தகத்தை நீட்டினால் என்ன செய்வார்கள்? அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு உண்மையான பிரச்சினையை நடுவில் வையுங்கள். எங்கள் பள்ளியில் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியை வைத்தேன். நானும் தலைமையாசிரியரும் இரண்டு வருடம் மனு எழுதிப் பார்த்தது. குழுத் தலைவியான அம்மா கிராம சபையில் எழுந்து நின்று கேட்டார். மூன்று வாரத்தில் குழாய் வந்தது.

குடித்துவிட்டுச் சண்டைக்கு வரும் அப்பாவை என்ன செய்வது?

அன்று பேசக்கூடாது. "நாளைக்குக் காலையில வாங்கண்ணா, உட்கார்ந்து பேசலாம்" என்று அனுப்பிவிடுங்கள். பிள்ளை முன்னால் அவரை அவமானப்படுத்தாதீர்கள், அந்த அடி ராத்திரி வீட்டில் அதற்குத்தான் விழும். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். அந்த எண்ணைச் சுவரில் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதிவையுங்கள்.

ஏற்காடு பார்க்க வருகிறவர்கள் காரை நிறுத்திப் பிள்ளைகளுக்குப் பிஸ்கட், பேனா கொடுத்துப் போட்டோ எடுக்கிறார்கள். நல்லதுதானே?

எனக்குப் பிடிக்காது. கொண்டை ஊசி வளைவைக் கண்டு வாந்தி எடுத்த களைப்பில் இறங்குகிறவர்களுக்கு நம் பிள்ளைகள் ஒரு காட்சியாகிவிடுகிறார்கள். அப்படி வருகிறவர்களிடம் நான் வேறு ஒன்று கேட்பேன்: உள்ளே வந்து உட்காருங்கள், உங்கள் வேலை என்ன என்று கால்மணி நேரம் சொல்லுங்கள், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் நேரமில்லை என்று போய்விடுவார்கள். உட்கார்ந்தவர்களில் ஒருவர் ரயில் ஓட்டுநர். ரயிலையே பார்த்திராத பிள்ளைகள் அவரை ஒன்றரை மணி நேரம் விடவில்லை. பணமாகவோ பொருளாகவோ தர விரும்புகிறவர்களை அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகத் தரச் சொல்லுங்கள், கணக்கு இருக்கும்.

பிள்ளைகள் படத்தை முகநூலில், இன்ஸ்டாவில் போடலாமா?

பெற்றோரைக் கேட்காமல் போடக்கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களை மின்னணு வழியில் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. கைகளை, ஓவியங்களை, முதுகுப்பக்கத்தைப் படம் எடுங்கள். அழுகிற பிள்ளையை ரீல்ஸ் போடும் ஆசிரியர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இணையம் சரியாக இல்லாத பள்ளியில் வெளியுலகத்தை எப்படிக் காட்டுவது?

அஞ்சலட்டை. ஐம்பது காசு. மலையில் இருந்தபோது டவுன் பள்ளி ஒன்றோடு தொடங்கினோம். தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்குத் தெர்மாமீட்டரைப் பார்த்து, வாரக் கடைசியில் அட்டையில் எழுதி அனுப்புவது. அவர்களும் அப்படியே. சேலம் டவுன் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது புத்தகக் கணக்கு. எங்கள் பிள்ளைகளுக்கு ஏழு, எட்டு டிகிரி வித்தியாசம் வந்தது. "நீங்க மே மாசம் எங்க ஊருக்கு வந்துருங்க" என்று ஒருத்தி கீழே எழுதியிருந்தாள்.

டவுனுக்கு வந்த பிறகு மேட்டூர் அணையைப் பிடித்துக்கொண்டேன். 1934இல் திறந்த அணை, நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. தண்ணீர் இருக்கிற வருடம் ஜூன் 12 அன்று டெல்டாவுக்குத் திறப்பார்கள், பள்ளி திறந்து சில நாளே ஆகியிருக்கும். கல்லணைக்குப் போய்ச்சேர மூன்று நான்கு நாள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியைப் பிடித்து, "எங்க மாவட்டத்துல தண்ணி விட்டாச்சு, உங்க வாய்க்காலுக்கு என்னிக்கு வந்துச்சு?" என்று அட்டை போட்டோம். வரைபடத்தில் ஒரு நீல நூலை ஒட்டிவைத்து, பதில் வர வர ஊசி குத்தினோம். கடைமடைக்குத் தண்ணீர் போக எத்தனை நாளாகிறது என்பது என் வகுப்புக்குத் தெரியும். எனக்கே அதுவரை தெரியாது.

வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேசவைக்க ஆசை. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராதே?

ஆங்கிலம் எதற்கு? மலேசியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. இலங்கையில் தமிழ்வழிப் பள்ளிகள், சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், நம் பத்து மணி அவர்களுக்குப் பன்னிரண்டரை. இலங்கைக்கு நேர வித்தியாசமே இல்லை. எங்கள் முதல் காணொளி அழைப்பில் இரு பக்கமும் ஐந்து நிமிடம் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் தட்டுவடை செட்டை எடுத்துக் கேமரா முன்னால் நீட்டினான். பீட்ரூட், கேரட், சட்னி எல்லாம் விளக்கினான். அவர்கள் பதிலுக்குத் தங்கள் மதிய உணவைக் காட்டினார்கள். தலைப்பு எதுவும் நாங்கள் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை.

அழைப்புக்கு முதல்நாள் அந்தப் பள்ளி ஆசிரியரோடு நீங்கள் மட்டும் பேசி, சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிள்ளைகளின் முழுப்பெயர், வீட்டு முகவரி எதையும் பரிமாற வேண்டாம்.

அறிவியல் பாடத்தோடு சேர்த்து ஏதாவது?

நிழலில்லா நாள். சேலத்தில் ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மதியம் 12.20 வாக்கில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. ஆகஸ்டில் அது வடக்கிலிருந்து தெற்கே நகரும். சென்னைக்கு 18ஆம் தேதி வாக்கில், நமக்கு 22, கன்னியாகுமரிக்கு செப்டம்பர் தொடக்கம். மூன்று ஊர்ப் பள்ளிகள் ஒரே நாளில் ஒரே நீளக் கம்பை நட்டு நிழலை அளந்து போனில் சொல்லிக்கொண்டால் பூமி உருண்டை என்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆகஸ்டில் மேகம் கெடுக்கும், இரண்டு வருடம் கெடுத்தது.

பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று கண்டதை எண்ணினால் போதும். பள்ளி இல்லாத நாள் என்பதால் வீட்டோடு சேர்ந்து செய்யலாம். ஊர்ப்பெயர் தெரியாத பறவையே தாத்தாக்களுக்குக் கிடையாது. பறவைப் புத்தகத்தின் பெயரையும் தாத்தா சொல்லும் பெயரையும் அருகருகே எழுதச் சொல்லுங்கள்.

எழுதியது எதுவானாலும் 'ஊஞ்சல்' இதழுக்கு அனுப்பிவையுங்கள். பள்ளிக் கல்வித் துறை நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நடத்துவது.

கடிதம் போட்டோம், பதிலே இல்லை. பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள்.

எங்களுக்கும் நடந்தது. முதல் அட்டைக்குப் பதில் இல்லை, இரண்டாவதற்கும் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வகுப்பே வாசலுக்கு ஓடும். மனிதர் பாவம், குற்றவாளி மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஒருநாள் அவரையே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். பின்கோடு 1972இல் வந்தது, முதல் எண் 6 என்றால் தமிழ்நாடும் கேரளாவும், 636 என்றால் நம்ம சேலம் பக்கம் என்று அவர் விளக்கினார். ஒரு பெண் எங்கள் அட்டையின் நகலை எடுத்துவந்து காட்டினாள். பின்கோடு கட்டத்தில் ஐந்தே எண்கள்தான் இருந்தன. முகவரி எழுதியது நான்.

திருத்தி அனுப்பினோம். தீபாவளி கழிந்து பதில் வந்தது, ஒரே வரி: "உங்க மலையில யானை இருக்கா?" இதற்கு என்ன எழுதுவது என்று இரண்டு நாள் விவாதம். இல்லை என்று எழுதினால் அவர்கள் அப்புறம் எழுதமாட்டார்கள் என்று ஒரு கட்சி, பொய் எழுதக்கூடாது என்று ஒரு கட்சி. கடைசியில், யானை இல்லை, காட்டெருமை வரும், போன வாரம் காப்பித் தோட்டத்தில் நின்றது என்று எழுதி, பக்கத்தில் படமும் வரைந்தார்கள். கொம்பு வரைய இடம் போதாமல் அது முகவரிப் பக்கத்துக்குப் போய்விட்டது.